லிஃப்ட் பண்ண பழைய சில்வராடோவ வித்தது: எதை சரி பண்ணேன், எதை அப்படியே விட்டேன்

வண்டி 2004 மாடல் ஷெவர்லே சில்வராடோ 1500 பிக்கப் டிரக், இசட்71 ஆஃப்-ரோடு பேக்கேஜ், ஃபோர் வீல் டிரைவ், 5.3 லிட்டர் வி8, நாலு கியர் ஆட்டோமேட்டிக். வண்டிய ஆறு இன்ச் உயர்த்துற லிஃப்ட் கிட், 35 இன்ச் டயர். மீட்டர்ல 1,68,000 மைல். நாங்க இருக்குறது அமெரிக்கால, டெக்சாஸ்ல, டாலஸுக்கு வடக்க காலின் கவுண்டில. 2018ல நான் வாங்கும்போதே லிஃப்ட் பண்ணி தான் இருந்துச்சு, கேம்பிங், ஹோம் டிப்போல இருந்து மண்ணு மல்ச் ஏத்திட்டு வர்றது, நண்பர்கள் வீடு மாத்துனா சாமான் ஏத்துறதுன்னு நல்லாவே உழைச்சுது. இப்ப வீட்ல ரெண்டாவது கார் சீட்டும் வந்தாச்சு, என் வொய்ஃப் கைல புள்ளைய வச்சுக்கிட்டு அந்த உயரத்துக்கு ஏற முடியாதுன்னு போன வருஷமே சொல்லிட்டாங்க, "ஏங்க, இத வித்துட்டு மனுஷங்க ஏறுற மாதிரி ஒண்ணு வாங்குங்க"ன்னு. சரின்னு எறங்கிட்டேன்.

விக்கிறதுக்கு முன்னாடி வண்டில என்னென்ன கோளாறுன்னு உக்காந்து ஒரு பேப்பர்ல எழுதினேன். செக் எஞ்சின் லைட் எரியுது. ஸ்பீடோமீட்டர் முள்ளு நின்ன எடத்துலயே 40ல நிக்குது, சில நாள் முழு சுத்து சுத்திட்டு அந்தப் பக்கம் போய் மாட்டிக்குது. ஸ்டீரிங்ல ஆட்டம் அதிகம், 65ல போகும்போது ரெண்டு பக்கமும் திருத்திக்கிட்டே இருக்கணும். காலைல ஸ்டார்ட் பண்ணா எஞ்சின்ல டிக் டிக்னு சத்தம், சூடானதும் நின்னுடும். ஆயில் கூலர் லைன்ல கசிவு. மூணாவதுல இருந்து நாலாவது கியருக்கு போகும்போது ஒரு நொடி ஆர்பிஎம் எகிறிட்டு தான் புடிக்குது. முன் டயர் ரெண்டும் உள்பக்கம் தேஞ்சிருக்கு. ஏசி மட்டும் ஐஸ் மாதிரி வருது, டெக்சாஸ்ல அது போதும்னு சொல்றவங்களும் உண்டு.

மொதல்ல ஒரு டீலர்கிட்ட டிரேட்-இன் (பழசக் கொடுத்து வேற வண்டி எடுக்குறது) கேட்டுப் பாத்தேன். வண்டிய சுத்தி ஒரு தடவ நடந்தாரு, லிஃப்ட்ட பாத்தாரு, செக் எஞ்சின் லைட்ட பாத்தாரு, 1,500 டாலர்னு சொன்னாரு. அடிமாட்டு விலை. ஆனா அவர் பக்கம் நியாயம் இருக்கு, டீலருக்கு லிஃப்ட் பண்ண பழைய வண்டின்னா தலைவலி, யாரு போட்டது, எப்படி போட்டதுன்னு தெரியாம அவங்க கேரண்டி கொடுத்து விக்க முடியாது, நேரா ஏலத்துக்கு தான் அனுப்புவாங்க. லிஃப்ட்டுக்கு மொத ஓனர் கிட்டும் கூலியும் டயரும் சேத்து பல ஆயிரம் செலவு பண்ணியிருப்பாரு, அதுல ஒரு டாலர் கூட புக் வேல்யூல ஏறாது. பழைய வண்டி விலை பாக்குற கெல்லி புளூ புக் வெப்சைட்ல போய் பாத்தாலும் லிஃப்ட் நமக்கு ஒதவாது, வாங்குறவனுக்கு அது புடிச்சா ஒரு விலை, புடிக்கலன்னா அது ஒரு கொறை, அவ்ளோ தான்.

அப்ப லிஃப்ட்ட கழட்டி கம்பெனி உயரத்துக்கு எறக்கி வித்தா என்னன்னு நண்பர் ஒருத்தர் கேட்டாரு. லெவலிங் கிட் மாதிரி டார்ஷன் பார் (முன்னாடி ஸ்பிரிங் வேலை பாக்குற முறுக்கு கம்பி) கீய மட்டும் முறுக்கி ரெண்டு இன்ச் ஏத்துன வண்டின்னா சரி, அத சாயங்காலத்துக்குள்ள எறக்கிடலாம். இது அப்படி இல்ல. இந்த மாடல் ஃபோர் வீல் டிரைவ் சில்வராடோவுக்கு முன்னாடி இண்டிபெண்டெண்ட் சஸ்பென்ஷன், டார்ஷன் பார், நடுவுல டிஃப்ரென்ஷியல் (ரெண்டு வீலுக்கும் சக்திய பிரிச்சு அனுப்புற கியர் பெட்டி) ஃப்ரேம்ல தொங்குது. ஆறு இன்ச் ஏத்தணும்னா டிஃப்ரென்ஷியல், கண்ட்ரோல் ஆர்ம் எல்லாத்தையும் புது கிராஸ்மெம்பர் (ஃப்ரேமோட குறுக்கு சட்டம்) போட்டு கீழ எறக்கணும், உயரமான நக்கிள் (வீல் மாட்டுற பாகம்) மாட்டணும், டிஃப்ரென்ஷியலுக்கு பின்னாடி இருக்குற கம்பெனி கிராஸ்மெம்பர்ல ஒரு பகுதிய அறுத்து எடுத்துடுவாங்க. அறுத்தா அறுத்தது தான். திரும்ப பழைய மாதிரி கொண்டு வரணும்னா வெல்டிங் வேலை, அதுவும் ஃப்ரேம்ல. எறக்குறதுக்கு ஆகுற காசுல வேற வண்டியே வாங்கிடலாம். இந்த விஷயம் லிஃப்ட் வண்டி வாங்க நெனைக்கிறவங்களுக்கும் முக்கியம், அடில படுத்து அந்த அறுத்த எடத்த பாருங்க, நேரா அறுத்து பெயிண்ட் அடிச்சிருக்கா இல்ல கேஸ் கட்டிங் வச்சு கண்டபடி கடிச்சு எடுத்திருக்கான்னு பாத்தாலே போட்டவன் கை தெரிஞ்சுடும். என் வண்டில நல்லா தான் பண்ணியிருந்தாங்க, அத ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன், பின்னாடி விக்கும்போது இந்த ஒரு ஃபோட்டோ நெறைய பேச வேண்டிய பேச்ச மிச்சம் பண்ணுச்சு.

சரி, லிஃப்ட் அப்படியே இருக்கட்டும். அடுத்தது எதை சரி பண்றது. என் கணக்கு இதுதான்: பாக்க வர்றவன் சாவிய போட்டதுல இருந்து ஒரு ரவுண்டு ஓட்டி முடிக்கிற வரைக்கும் அவனுக்கு பயம் காட்டுற விஷயம், அதே நேரம் என் கைல 100, 150 டாலர்ல முடியுற விஷயம், அத மட்டும் சரி பண்ணணும். ஆயிரக்கணக்குல போற வேலைய தொடக் கூடாது, அந்த காசு திரும்ப வராது, அத வாய தொறந்து சொல்லி விலைல கழிச்சுடணும். பாதி பேரு இத தலைகீழா பண்றாங்க, கியர்பாக்ஸுக்கு 3,000 கொட்டிட்டு செக் எஞ்சின் லைட்டோட விக்க நிப்பாங்க.

செக் எஞ்சின் லைட்டுல இருந்து ஆரம்பிச்சேன், ஏன்னா அது அணையாம வாங்குறவனால ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க முடியாது. டெக்சாஸ்ல 2025 ஜனவரில இருந்து சாதாரண கார்களுக்கு வருஷா வருஷம் பண்ற சேஃப்டி இன்ஸ்பெக்ஷன எடுத்துட்டாங்க, அத கேட்டுட்டு எல்லாமே போச்சுன்னு நெறைய பேரு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. டாலஸ், டாரண்ட், காலின், டென்டன், ஹியூஸ்டன் பக்கம்னு பெரிய ஊரு இருக்குற கவுண்டிகள்ல எமிஷன் டெஸ்ட் (புகை சோதனை) அப்படியே தான் இருக்கு, ரெண்டுல இருந்து 24 வருஷம் வரைக்கும் ஆன பெட்ரோல் வண்டிக்கு கட்டாயம். என் வண்டி 2004, இன்னும் அந்த கணக்குக்குள்ள தான் வருது. லைட் எரிஞ்சா ஃபெயில்.

வண்டி கம்ப்யூட்டர்ல ஸ்கேனர் போட்டா பி0449ங்கிற கோளாறு கோடு. இவாப் வென்ட் சோலனாய்டு சர்க்யூட். பெட்ரோல் டேங்குல வர்ற ஆவிய வெளிய விடாம புடிச்சு எஞ்சினுக்கு அனுப்புற சிஸ்டத்துல இருக்குற ஒரு சின்ன வால்வு. இந்த வருஷ சில்வராடோவுல இது ரொம்ப சகஜம், வால்வு டேங்குகிட்ட ஃப்ரேமோட ஒட்டி இருக்கும், 35 டயரு வாரி எறியுற மண்ணு தூசி எல்லாம் அங்க தான் போய் சேரும். அடில படுத்து கனெக்டர கழட்டிப் பாத்தேன், ஒரு பின்னு பச்சை பூத்து உதிர்ற நெலமைல இருந்துச்சு. வால்வ கைல எடுத்து தட்டினா தேநீர் வடிகட்டில இருந்து கொட்டுற அளவுக்கு செம்மண் தூள் கொட்டுது. புது வால்வோட, கொஞ்சம் உயரமான எடத்துல மாட்டுற மாதிரி ஒரு ஃபில்டர், நீட்டு ஹோஸ், புது கனெக்டர் எல்லாம் சேந்த கிட்டு ஒண்ணு வருது, அத வாங்கி போட்டேன். வயர சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடிட்டேன், அந்த எடத்துல வெறும் டேப் சுத்துனா ஒரு மழைக்கு தாங்காது.

இதுல ஒண்ணு சொல்லணும். சில பேரு விக்கிற அன்னைக்கு காலைல ஸ்கேனர் வச்சு கோட அழிச்சுட்டு லைட் இல்லாம காட்டுவாங்க. விவரம் தெரிஞ்சவன் வந்தா தானும் ஒரு ஸ்கேனர் கொண்டு வந்து ரெடினஸ் மானிட்டர (கோட அழிச்சப்புறம் வண்டி தன்னையே திரும்ப சோதிச்சு முடிச்சிருச்சான்னு காட்டுறது) பாப்பான், எல்லாமே "ரெடி இல்ல"ன்னு காட்டுனா இப்ப தான் அழிச்சிருக்கான்னு அங்கயே தெரிஞ்சுடும், அதுக்கப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டான். அதனால ரிப்பேர் முடிச்சு கோட அழிச்சதும் நான் வண்டிய சும்மா வேலைக்கு ஓட்டிக்கிட்டே இருந்தேன், இவாப் மானிட்டர் தான் கடைசில முடியும், டேங்குல பெட்ரோல் 15 சதவீதத்துக்கும் 85 சதவீதத்துக்கும் நடுவுல இருக்கணும், எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறி இருக்கணும், இல்லன்னா அந்த டெஸ்ட்டே ஓடாது. எல்லாம் ரெடி ஆனதும் எமிஷன் டெஸ்ட் எடுத்து பாஸ் சீட்ட வண்டிலயே வச்சுட்டேன்.

அடுத்தது மீட்டர் கிளஸ்டர். 2003ல இருந்து 2006 வரைக்கும் வந்த ஜிஎம் டிரக், எஸ்யுவி எல்லாத்துக்கும் இந்த வியாதி உண்டு, ஒவ்வொரு முள்ளுக்கு பின்னாடியும் ஒரு குட்டி ஸ்டெப்பர் மோட்டார் இருக்கு, அது தேஞ்சு போய் முள்ளு தன் இஷ்டத்துக்கு நிக்கும். ஜங்க் யார்டுல இருந்து வேற கிளஸ்டர் வாங்கி மாட்டலாமே, அஞ்சு நிமிஷ வேலைன்னு தோணும். மாட்டக் கூடாது. இந்த வண்டிகள்ல ஓடுன மைல் கணக்கு கிளஸ்டருக்குள்ள தான் பதிவாகி இருக்கு, வேற கிளஸ்டர் போட்டா வேற வண்டியோட மைல் காட்டும், அத வித்தா அது ஓடோமீட்டர் மோசடில போய் நிக்கும். அதனால கழட்டி மோட்டார மட்டும் மாத்துறது தான் சரி. எக்ஸ்27.168னு ஒரு மோட்டார், எல்லா முள்ளுக்கும் சேத்து செட்டா ஆன்லைன்ல கெடைக்கும், 25 டாலர், அதோட புது பேக்லைட் பல்பும் கொடுத்துடுறாங்க.

பார்க்கிங் பிரேக்க நல்லா போட்டுட்டு, கியர் லீவர கடைசி வரைக்கும் கீழ எறக்கி, ஸ்டீரிங்க எறக்கி வச்சா தான் டேஷ் பெசல் வெளிய வரும், அது கிளிப்ல நிக்குது, ஓரத்துல இருந்து மெதுவா இழுத்தா டப் டப்னு விடும். 7 எம்எம் ஸ்க்ரூ நாலு, பின்னாடி ஒரே ஒரு கனெக்டர், கிளஸ்டர் கைக்கு வந்துடும். உள்ள முள்ளு எடுக்குறது தான் நெஞ்சு படபடன்னு அடிக்கிற வேலை. 21 வருஷம் டெக்சாஸ் வெயில்ல வெந்த பிளாஸ்டிக், நேரா இழுத்தா முள்ளோட தண்டு உள்ளயே ஒடஞ்சு நின்னுடும். ரெண்டு டீஸ்பூன எதிரெதிரா முள்ளுக்கு அடில விட்டு, கீழ ஒரு துணி வச்சு, ரெண்டு பக்கமும் ஒரே அளவா அழுத்துனேன், ஸ்பீடோமீட்டர் முள்ளு ஒரு சின்ன "டிக்"கோட மேல வந்துச்சு, மிச்சதும் அதே மாதிரி. ஒவ்வொரு மோட்டாருக்கும் நாலு கால், சால்டர் சக்கர் வச்சு பழைய ஈயத்த உறிஞ்சு எடுத்துட்டு புதுச வச்சு பத்த வச்சேன். சால்டரிங் அயர்ன அதிக நேரம் வச்சா போர்டுல இருக்குற செம்புக் கோடு உரிஞ்சு வந்துடும், தொட்டமா எடுத்தமான்னு இருக்கணும். என் பையன் பக்கத்துல உக்காந்து டார்ச் புடிக்கிறேன்னு டார்ச்ச என் கண்ணுல அடிச்சுக்கிட்டு இருந்தான், அதையும் சமாளிச்சு தான்.

முள்ளு திரும்ப போடும்போது மோட்டார இடது பக்கம் கடைசி வரைக்கும் சுத்தி விட்டுட்டு முள்ள லேசா மட்டும் வச்சு, வண்டில மாட்டி, ஸ்கேனர்ல வண்டி கம்ப்யூட்டர் சொல்ற ஸ்பீடும் முள்ளு காட்டுறதும் ஒண்ணா இருக்கான்னு ஓட்டிப் பாத்து, அப்புறமா தான் அழுத்தி உக்கார வச்சேன். ஜிபிஎஸ்ஸ வச்சு பண்ணல, அதுக்கு காரணம் இருக்கு. ஸ்கேனர் 60 சொல்லும்போது ஃபோன் ஜிபிஎஸ் 66 சொல்லுது. கம்பெனி டயர் உயரம் கிட்டத்தட்ட 31.6 இன்ச், இப்ப இருக்குறது 35, ஒரு சுத்துக்கு பத்து சதவீதத்துக்கு மேல அதிக தூரம் போகுது, லிஃப்ட் போட்டவங்க அத கம்ப்யூட்டர்ல மாத்தவே இல்ல. ஸ்பீட மட்டும் கொறச்சு காட்டல, மைலையும் கொறச்சு தான் எண்ணியிருக்கு. 1,68,000னு காட்டுதுன்னா லிஃப்ட் போட்டதுக்கு அப்புறம் ஓடுனதுல ஒவ்வொரு 10,000க்கும் ஆயிரம் மைல் கணக்குல வரல. 2010க்கும் அதுக்கு முன்னாடி மாடலுக்கும் டைட்டில்ல (வண்டியோட ஓனர் பத்திரம்) ஓடோமீட்டர் எழுதிக் கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல தான், இருந்தாலும் விளம்பரத்துல இத எழுதினேன். யாருமே இத எழுத மாட்டாங்க. லிஃப்ட் வண்டி வாங்குறவங்க ஃபோன்ல ஜிபிஎஸ் போட்டு ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, மீட்டர் மைல் நெசமா இல்லையான்னு அங்கயே தெரிஞ்சுடும்.

மூணாவது ஸ்டீரிங். முன்பக்கம் ஜாக்கி போட்டு ஸ்டாண்டுல நிறுத்தி, டயர மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுனா பால் ஜாயிண்ட், ஹப் பேரிங் தெரியும், ரெண்டு பக்கமும் புடிச்சு ஆட்டுனா டை ராடும் (வீல திருப்புற கம்பி) ஸ்டீரிங் லிங்க்கும் தெரியும். மேல கீழ அசைவே இல்ல, நிம்மதி. பக்கவாட்டுல ஆட்டும்போது வொய்ஃப அடில டார்ச் அடிச்சு பாக்க சொன்னேன், "வலது பக்கம் ஃப்ரேம்ல ஒண்ணு மேலயும் கீழயும் குதிக்குதுங்க"ன்னாங்க. ஐட்லர் ஆர்ம். இந்த டிரக்ல ஸ்டீரிங் பாக்ஸ் டிரைவர் பக்கம் பிட்மேன் ஆர்ம ஆட்டும், பயணி பக்கம் ஐட்லர் ஆர்ம் தான் அந்த நடு ராட தாங்கிப் புடிக்குது. கனமான டயர், வெளிய துருத்தி நிக்கிற வீலு, அந்த நெம்பு எல்லாம் வந்து எறங்குறது இதுங்க தலைல தான். லிஃப்ட் வண்டி "அலையுது"ன்னு சொல்லி டயர மாத்து, ஷாக்க மாத்துன்னு செலவு பண்றவங்க மொதல்ல இந்த சின்ன ஆர்ம புடிச்சு ஆட்டிப் பாக்கணும்.

ஐட்லர் ஆர்மும், அது கூடவே தேஞ்சிருந்த வெளி டை ராடு ரெண்டும் வாங்கினேன், 130 டாலர் ஆச்சு. புல்லர் டூல் ஆட்டோசோன்ல டெபாசிட் கட்டி எடுத்துட்டு வந்து, வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்து மொத்த டெபாசிட்டும் வாங்கிக்கலாம், இந்த ஊர்ல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயங்கள்ல அது ஒண்ணு. போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே ஊடுருவுற ஆயில் அடிச்சு விட்டுட்டேன். டை ராட கழட்டுறதுக்கு முன்னாடி எத்தன மரை வெளிய இருக்குன்னு எண்ணி பெயிண்ட் மார்க்கர்ல குறிச்சு, புதுசையும் அதே அளவுக்கு ஏத்துனா அலைன்மெண்ட் கடை வரைக்கும் நேரா ஓட்டிட்டு போலாம். அலைன்மெண்ட்டுக்கு தான் அலைச்சல், லிஃப்ட் பண்ண வண்டின்னதும் வேணாம்னுட்டாங்க ஒரு எடத்துல, கடைசில டிரக் டயர் விக்கிற ஒரு சின்ன கடைல 120 டாலருக்கு பண்ணிக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் 65ல ஒரு கைய விட்டுட்டு ஓட்டலாம்ங்கிற மாதிரி ஆயிடுச்சு.

இதோட நிறுத்திட்டேன். எஞ்சின்ல வர்ற டிக் சத்தம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோட பின்பக்க போல்ட் ஒடஞ்சு போனதால, இந்த 5.3 எஞ்சினுக்கு அது பொறந்த குணம், சூடானா இரும்பு விரிஞ்சு இடைவெளி மூடிக்கும், சத்தம் நிக்கும். ஒடஞ்ச போல்ட்ட ஹெட்ல இருந்து எடுக்குறேன்னு போனா ஒண்ணு சீக்கிரம் வரும், இல்ல ரெண்டு வாரம் வீட்டு வாசல்ல வண்டி நிக்கும். ஆயில் கூலர் லைன் கசிவு சொட்டுறது இல்ல, ஈரம் தான். டயர் நாலும் மாத்தணும்னா ஆயிரத்துக்கு மேல. பெரிய விஷயம் கியர்பாக்ஸ்.

4எல்60-இ, ஜிஎம் டிரக் வச்சிருந்தவங்களுக்கு பேர சொன்னாலே புரியும். அதுல மூணாவது, நாலாவது கியர புடிக்கிற 3-4 கிளட்ச் பேக் தான் மொதல்ல தேயும். இந்த வண்டில பின் ஆக்சில் கியர் விகிதம் 3.73. 35 டயர் போட்டதும் அது 3.37 போட்ட மாதிரி வேலை செய்யுது, அதாவது எஞ்சினுக்கு நெம்பு கொறஞ்சு போச்சு, கியர்பாக்ஸ் எப்பவும் மேட்டுல ஏறுற மாதிரியே ஓடுது, சூடு ஏறுது, கிளட்ச் தேயுது. ஒழுங்கா பண்ணணும்னா டயர் போட்ட அன்னைக்கே முன்னாடி பின்னாடி ரெண்டு டிஃப்ரென்ஷியல்லயும் 4.10, இல்ல 4.56 கியர் மாத்தியிருக்கணும், செலவுன்னு நெறைய பேரு அத விட்டுடுவாங்க, கிட்டுக்கும் டயருக்கும் மட்டும் காசு கொடுத்து ஃபோட்டோ எடுத்துக்குவாங்க. கியர்பாக்ஸ பிரிச்சு ரீபில்ட் பண்ண 2,500 டாலருக்கு மேல கேட்டாங்க. 5,000, 6,000 டாலர் வண்டிக்கு அத போட்டு வித்தா நான் தான் முட்டாள். ஆயில் மட்டும் கெட்ட வாசன இல்லாம செவப்பா இருந்துச்சு, அதையும் தொடல, ஓடிக்கிட்டு இருக்குற பழைய பாக்ஸ்ல புது ஆயில ஊத்தலாமா கூடாதாங்குறதுக்கு இன்னும் சண்ட ஓடிக்கிட்டு இருக்கு, அதுல நான் போய் விழல.

விலை 5,800னு போட்டேன், மனசுல 5,000. விளம்பரத்துல மேல நல்லத ரெண்டு வரி, அதுக்கு கீழ கோளாறு எல்லாத்தையும் வரிசையா: கியர்பாக்ஸ் மூணுல இருந்து நாலு போகும்போது நழுவுது, டிரெய்லர் இழுக்க வேணாம், குளிர் ஸ்டார்ட்ல எக்ஸாஸ்ட் சத்தம், ஆயில் ஈரம், முன் டயர் உள்பக்க தேய்மானம், டயர் பெருசானதால மீட்டர் கொறச்சு காட்டுது, ஸ்டெப்னி கம்பெனி சைஸ், 35க்கு ஒத்து வராது, அத போட்டுக்கிட்டு ஃபோர் வீல்ல ஓட்டாதீங்க. காலைல குளிர் எஞ்சின ஸ்டார்ட் பண்ணி அந்த டிக் சத்தம் கேக்குற மாதிரியே ஒரு வீடியோ. அடில எடுத்த ஃபோட்டோ எட்டு பத்து. வண்டிய பளபளன்னு தொடச்சு சூரியன் எறங்குற நேரத்துல மலை மேல நிறுத்தி எடுக்குற ஃபோட்டோவ விட அடில எடுத்த ஃபோட்டோவுக்கு தான் நல்ல ஆளுங்க ஃபோன் பண்றாங்க, இது என் அனுபவம்.

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்ல போட்ட கொஞ்ச நேரத்துலயே "இன்னும் இருக்கா"ன்னு மெசேஜ் வந்து குவியும், இருக்குன்னு சொன்னா பதிலே வராது. அதுல ஒருத்தன், "நீங்க நெசமான ஆளுதானான்னு பாக்க ஒரு கோடு அனுப்புறேன், அத எனக்கு சொல்லுங்க"ன்னான், அத சொன்னா நம்ம நம்பர்ல அவன் ஒரு அக்கவுண்ட் தொறந்துக்குவான். இன்னொருத்தன் வண்டி ஹிஸ்டரி ரிப்போர்ட் வேணும், ஆனா அவன் சொல்ற வெப்சைட்டுல தான் வாங்கணுமாம். மூணாவது ரகம், வண்டிய பாக்காமயே முழு விலைக்கும் கேஷியர்ஸ் செக் அனுப்புறேன், ஆளு வந்து எடுத்துக்குவான்னு சொல்றவன். எல்லாத்துக்கும் ஒரே பதில் தான், பகல்ல நேர்ல வாங்க, பணம் என் பேங்க் கவுண்டர்ல.

நேர்ல வந்தவங்கள்ல புல்லு வெட்டுற வேலை பண்ற ஒரு அண்ணன், மெக்சிகோக்காரர், 16 அடி டிரெய்லர் இழுக்கணும்னாரு. விளம்பரத்த படிச்சீங்களான்னேன். படிச்சேன், மெதுவா இழுப்பேன்னாரு. ஜூலை மாசம் டெக்சாஸ் வெயில்ல மெதுவா இழுத்தாலும் இந்த பாக்ஸ் தாங்காது, உங்க வேலை நின்னுடும், வேணாம்னு நானே திருப்பி அனுப்பிட்டேன். கைய குடுத்துட்டு போனாரு. அடுத்து ஒரு காலேஜ் பையன், அப்பாவோட வந்தான், பையனுக்கு வண்டிய பாத்ததும் கண்ணு விரிஞ்சுடுச்சு, அப்பா மட்டும் பேசவே இல்ல, அடில படுத்து பாத்துட்டு எழுந்து வந்து "நல்லா வச்சிருக்கீங்க, ஆனா இவனுக்கு இது வேணாம்"னு சொல்லிட்டு கூட்டிட்டு போயிட்டாரு. அவரு சொன்னது சரி தான், 19 வயசுல இத வாங்குனா சம்பாதிக்கிறதெல்லாம் பெட்ரோலுக்கும் டயருக்கும் தான்.

வாங்குனது கியர்பாக்ஸ் கடைல வேலை பாக்குற ஒருத்தர். வந்ததும் பானட்ட தொட்டுப் பாத்தாரு, எஞ்சின் ஆறி இருக்கான்னு. ஸ்டார்ட் பண்ணி டிக் சத்தத்த கேட்டு சிரிச்சாரு, "இது பேசலன்னா தான் நான் பயப்படுவேன்"னாரு. தன்னோட ஸ்கேனர போட்டு மானிட்டர் எல்லாம் ரெடின்னு பாத்ததுக்கு அப்புறம் தான் முகம் கொஞ்சம் எளகுச்சு. நான் அவரோட லைசன்ஸ ஃபோட்டோ எடுத்துக்கிட்டு பக்கத்து சீட்டுல உக்காந்தேன், ஹைவேல ஏத்தி ரெண்டு தடவ நாலாவது கியருக்கு விட்டு பாத்தாரு, எறங்கி எஞ்சின் ஓடும்போதே கியர் ஆயில் டிப்ஸ்டிக்க இழுத்து மோந்து பாத்தாரு. "3-4 தான். எரியல இன்னும். நானே சனிக்கெழம பிரிச்சு போட்டுக்குவேன்." எனக்கு 2,500, அவருக்கு பார்ட்ஸ் காசு மட்டும். இந்த மாதிரி வண்டிக்கு தேட வேண்டியது இவர தான், நம்ம பெரிய கோளாறு யாருக்கு சின்ன வேலையோ அந்த ஆள.

4,500ல ஆரம்பிச்சாரு. 5,500ன்னேன். எமிஷன் பேப்பர், ஐட்லர் ஆர்ம் ரசீது, அலைன்மெண்ட் சீட்டு மூணையும் பானட் மேல வச்சேன். முன் டயர கால்ல தட்டி காட்டினாரு, அதுக்கு நான் ஒண்ணும் பதில் சொல்ல முடியாது. 5,000ல முடிஞ்சுது. நான் பார்ட்ஸ், அலைன்மெண்ட் எல்லாம் சேத்து போட்டது 400க்குள்ள.

பேப்பர்ல கம்மி விலை எழுதலாமான்னு கேட்டாரு, வரி கொறையுமேன்னு. பொய் எழுதுறது குத்தம்ங்கிறது ஒரு பக்கம், அதுல லாபமும் பெருசா இல்ல, டெக்சாஸ்ல தனிநபர் விற்பனைக்கு 6.25 சதவீத வரிய நாம எழுதுற விலை, இல்ல ஸ்டேட் வச்சிருக்குற மதிப்புல 80 சதவீதம், இதுல எது அதிகமோ அதுக்கு தான் போடுவாங்க. சரின்னு விட்டுட்டாரு. பேங்க்ல கவுண்டர்லயே பணத்த எண்ணி போட்டுட்டு, அங்கருந்து ரெண்டு பேரும் சேந்தே கவுண்டி டாக்ஸ் ஆபீசுக்கு போனோம், டைட்டிலுக்கு பின்னாடி கையெழுத்து, பேர் மாத்துற விண்ணப்பமான ஃபார்ம் 130-யுல ரெண்டு பேர் கையெழுத்து. டைட்டில கைல கொடுத்துட்டு "நீங்களே போய் மாத்திக்கோங்க"ன்னு அனுப்புறவங்க தான் ஆறு மாசம் கழிச்சு டோல் பில்லு வருதுன்னு பொலம்புவாங்க. நம்பர் பிளேட்ட கழட்டிக்கிட்டேன், கண்ணாடில ஒட்டியிருந்த டோல் டேக்க பிளேடு வச்சு சொரண்டி எடுத்தேன், அத மறந்தா அவரு போற ஒவ்வொரு டோலும் நம்ம கார்டுல ஏறும். டேஷ்போர்டு பெட்டில இருந்த இன்ஷூரன்ஸ் பேப்பர், கராஜ் ரிமோட் ரெண்டையும் எடுத்துக்கிட்டேன், கராஜ் கதவோட பட்டன் வண்டிலயே பதிஞ்சிருக்கும், அதையும் அழிச்சாச்சு.

வீட்டுக்கு வந்ததும் ஆன்லைன்ல வெஹிக்கிள் டிரான்ஸ்ஃபர் நோட்டிஃபிகேஷன் போட்டேன், வித்த 30 நாளுக்குள்ள போடணும், காசு கெடையாது, அத போட்டா தான் அதுக்கப்புறம் அந்த வண்டில நடக்குறதுக்கு நம்ம பொறுப்பு இல்லன்னு ரெக்கார்டு இருக்கும். அந்த கன்ஃபர்மேஷன பிரிண்ட் எடுத்து வச்சுட்டு, அதுக்கு அப்புறம் தான் இன்ஷூரன்ஸ கேன்சல் பண்ணேன்.